அழுதால் சத்தம் வராத குழந்தை: வீட்டு நர்ஸ் ஏற்பாடு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

நீண்ட நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகும் குழந்தைகளுக்கு நர்ஸ், கருவிகள், பயிற்சி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து ஒருங்கிணைப்பது என் வேலை. இங்கே பதிவு செய்யும் குழந்தைக்கு முதலில் போட்ட திட்டம் சரியில்லை. அதைப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

பின்னணி

பெண் குழந்தை. 26 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். நுரையீரல் முதிராததால் பல வாரங்கள் வாய்வழிக் குழாயோடு வென்டிலேட்டரில் இருந்தாள். அந்தக் குழாய்தான் அவளைக் காப்பாற்றியது. ஆனால் அதே குழாய் உரசி, குரல்நாண்களுக்குக் கீழே புண்ணாகி, தழும்பு விழுந்து, மூச்சுப்பாதை சுருங்கிவிட்டது. ஐந்தாவது மாதத்தில் கழுத்தில் துளையிட்டு டிரக்கியாஸ்டமி குழாய் வைத்தார்கள். பிறந்த சில நாட்களில் மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவால் வலிப்பு வரும். விழுங்கும்போது புரையேறி நுரையீரலுக்குள் போனதால், உணவும் மருந்தும் வயிற்றில் வைத்த குழாய் வழியாக.

14 மாத வயதில் வீட்டுக்குப் போகும் நிலைக்கு வந்தாள். எடை 8 கிலோவுக்குச் சற்று மேல். பகலில் தானாக மூச்சு விடுவாள். தூங்கும்போது வென்டிலேட்டரும் நிமிடத்துக்கு அரை லிட்டர் ஆக்சிஜனும் வேண்டும். வீட்டில் அம்மா, அப்பா, அப்பாவின் அம்மா, எட்டு வயது அண்ணன். அப்பாவுக்கு ஷிஃப்ட் வேலை. அம்மா வேலையை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் நடந்ததெல்லாம் அதைச் சுற்றித்தான். இந்தக் குழந்தை அழுதால் சத்தம் வராது. காற்று கழுத்துக் குழாய் வழியாகவே போய் வருவதால் குரல்நாண்களைத் தொடுவதில்லை. மற்ற வீடுகளில் பக்கத்து அறையில் குழந்தை சிணுங்கினால் அம்மாவுக்கு விழிப்பு வந்துவிடும். இங்கே கண்ணால் பார்த்தால்தான் தெரியும், இல்லாவிட்டால் கருவி சொன்னால்தான் தெரியும்.

வீட்டுக்கு அனுப்பும் முன்

பயிற்சியில் குறை வைக்கவில்லை. அம்மா, அப்பா இருவரும் குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் செய்வது, குழாயை மாற்றுவது, குழாய் கட்டும் பட்டையில் ஒரு விரல் மட்டும் நுழையும் அளவு இறுக்கம் வைப்பது, கையால் காற்றைச் செலுத்தும் ஆம்பு பையை அழுத்துவது, ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தால் கன்னத்துக்குள் மருந்து விடுவது எல்லாம் கற்றுக்கொண்டார்கள். மருத்துவமனை அறையிலேயே 24 மணி நேரம் எங்கள் உதவி இல்லாமல் குழந்தையைப் பார்த்துக் காட்டினார்கள்.

கருவிகளும் வந்தன. வென்டிலேட்டர், ஈரமூட்டி, பேட்டரியில் ஓடும் சக்‌ஷன் கருவி, இரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர், மின்சாரம் போனால் பயன்படுத்த ஒரு சிலிண்டர். 340 லிட்டர் சிலிண்டரில் நிமிடத்துக்கு அரை லிட்டர் விட்டால் கணக்குப்படி 11 மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். அந்தக் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டினோம். கட்டிலருகே இரண்டு மாற்றுக் குழாய்: ஒன்று கழுத்தில் இருக்கும் அதே 4.0 அளவு, இன்னொன்று 3.5. பெரியது நுழையாவிட்டால் சின்னது நுழையும்.

நர்ஸ் ஏற்பாட்டில்தான் அவசரப்பட்டோம். தினமும் 8 மணி நேரத்துக்கு மட்டுமே நர்ஸ் வைக்க வழி இருந்தது. ஏஜென்சியில் பகல் டியூட்டிக்கு ஆள் தயாராக இருந்தார். காலை 8 முதல் மாலை 4 வரை, வாரம் ஆறு நாள். அம்மாவும் “இரவு நான் பார்த்துக்கொள்கிறேன் சிஸ்டர், பகலில் ஒருவர் இருந்தால் போதும்” என்றார். கிடைத்ததை வாங்கிக்கொண்டு, படுக்கை வேறு குழந்தைக்கு வேண்டும் என்ற நெருக்கடியில், அனுப்பிவிட்டோம். அந்த 8 மணி நேரத்தை எந்த நேரத்தில் வைத்தால் குழந்தைக்குப் பாதுகாப்பு என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

முதல் 18 நாட்கள்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் நன்றாகப் போனது. எடை கூடியது. நான் இரண்டு முறை வீட்டுக்குப் போனேன், இரண்டும் பகலில். அறை சுத்தமாக இருந்தது, பதிவேடு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது, நர்ஸ் நல்லவர். அம்மாவின் முகம் வாடியிருந்ததைப் பார்த்தேன். “தூங்குகிறீர்களா?” என்று கேட்டேன். “பழகிவிட்டது” என்றார். அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

நர்ஸ் இருக்கும் பகல் நேரத்தில் அம்மா தூங்குவார் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். நடந்தது வேறு. பகலில்தான் மருந்துக் கடை, மருத்துவரிடம் மறுபார்வை, கருவி கொடுத்தவர்களோடு ஃபோன், மகனின் பள்ளி, சமையல் எல்லாம். நர்ஸ் வந்ததால் அம்மா வீட்டை விட்டு வெளியே போக முடிந்தது, அவ்வளவுதான்.

19-ஆவது இரவு

அப்பா இரவு ஷிஃப்டுக்குப் போயிருந்தார். அம்மா குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருந்தார். அந்த வாரம் முழுக்க ஆக்ஸிமீட்டரின் கால்விரல் பட்டை நழுவி நழுவி பொய் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் எழுந்து, அலாரத்தை நிறுத்தி, பட்டையைச் சரிசெய்து படுத்திருக்கிறார். இரண்டு நாள் முன்பு அலாரத்தின் ஒலியைக் குறைத்தும் வைத்திருக்கிறார், பக்கத்து அறையில் மகன் எழுந்துவிடுகிறான் என்று.

அதிகாலை 3.40 அளவில் அந்த மகன்தான் வந்து அம்மாவை உலுக்கி எழுப்பினான். ஆக்ஸிமீட்டர், வென்டிலேட்டர் இரண்டும் அலறிக்கொண்டிருந்தன. குழந்தையின் உதடு நீலமாகியிருந்தது. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 62 சதவீதம். அம்மா சக்‌ஷன் கதீட்டரை (சளி உறிஞ்சும் மெல்லிய குழாய்) விட்டார், உள்ளே போகவில்லை. மறுபடி விட்டார். மூன்றாவது முறையும் விட்டார். அப்புறம்தான் பயிற்சி நினைவுக்கு வந்து, கழுத்துக் குழாயின் பட்டையை வெட்டி, குழாயை உருவி, மாற்றுக் குழாயைச் செருகினார். இரண்டு தடவை ஆம்பு பையை அழுத்தியதும் நெஞ்சு எழுந்தது. ஆக்சிஜன் ஏறியது. குழந்தை பிழைத்தாள்.

உருவிய குழாயை ஒரு கவரில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். அதன் நுனியில் காய்ந்து கெட்டியான சளி, கார்க் போல அடைத்திருந்தது. காரணமும் தெரிந்தது: ஈரமூட்டிக்குத் தண்ணீர் தரும் பை நள்ளிரவுக்குப் பிறகு காலியாகியிருக்கிறது. மாலை 4 மணிக்கு நர்ஸ் கிளம்பும்போது பையில் பாதி இருந்தது. அடுத்தவர் பார்ப்பார் என்று விட்டிருக்கிறார். அந்த அடுத்தவர் அதிகாலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த அம்மா.

மூக்கு வழியாக மூச்சு விடும் நமக்குக் காற்றை நனைத்து, சூடாக்கி அனுப்ப மூக்கு இருக்கிறது. கழுத்துக் குழாய் மூக்கைத் தவிர்த்துவிடுவதால் ஈரமூட்டிதான் மூக்கின் வேலையைச் செய்கிறது. தண்ணீர் தீர்ந்தால் சில மணி நேரத்தில் சளி பிசினாகிவிடும். டிரக்கியாஸ்டமி உள்ள சிறு குழந்தைகளுக்கு வீட்டில் வரும் ஆபத்துகளில் குழாய் அடைப்பதும் குழாய் நழுவி வெளியே வருவதும்தான் மிகக் கொடியவை. குறுகலான குழாய் என்பதால் சின்னக் கட்டியே போதும்.

பதிவேட்டை மறுபடி படித்தபோது

குழந்தை வார்டில் தேறிக்கொண்டிருந்த நான்கு நாளில் நான் வீட்டுப் பதிவேட்டை எடுத்து வைத்துப் படித்தேன். ஒவ்வொரு சக்‌ஷனுக்கும் அம்மா நேரம் குறித்திருந்தார். குழந்தைக்காக எழுதியது அது. நான் இந்த முறை அதை அம்மாவின் தூக்கக் கணக்காகப் படித்தேன். 11.20, 12.45, 1.30, 2.10, 3.55, 5.00. ஓர் இரவுக்கு ஆறிலிருந்து ஒன்பது பதிவுகள். 19-ஆவது இரவுக்கு முந்தைய ஏழு இரவுகளிலும் இரண்டு பதிவுகளுக்கு நடுவே இருந்த அதிகபட்ச இடைவெளி 1 மணி 50 நிமிடம்.

அலாரம் கேட்டும் எழாதது அம்மாவின் கவனக்குறைவு என்று வார்டில் ஒருவர் சொன்னார். அந்தப் பக்கங்களை அவரிடம் காட்டினேன். ஏழு இரவுகள் தொடர்ந்து இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்காத எந்த நர்ஸையும் நாங்கள் டியூட்டியில் வைக்க மாட்டோம். இந்த அம்மாவை 18 நாள் வைத்திருந்தோம்.

இதைப் புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. வீட்டில் குழாய்வழி வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைகளைப் பற்றி நுரையீரல் மருத்துவத்துக்கான அமெரிக்க அமைப்பான அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பயிற்சி பெற்ற ஒருவர் எந்நேரமும் விழித்தபடி வீட்டில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. குடும்பத்தில் குறைந்தது இருவருக்குப் பயிற்சி வேண்டும் என்பதும் அதில்தான். இரண்டாவதை நாங்கள் அப்படியே செய்தோம். முதலாவதில் “விழித்தபடி” என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டோம்.

எடுத்த முடிவு: இரவு முதலில்

மருத்துவர், அம்மா, அப்பா, ஏஜென்சியின் பொறுப்பாளர், நான் ஐந்து பேரும் உட்கார்ந்தோம். கையில் இருந்தது அதே 8 மணி நேரம். அதோடு இன்னும் இரண்டு மணி நேரம் மட்டும் சேர்க்க முடிந்தது. பகலில் வைத்திருந்ததை அப்படியே இரவுக்கு மாற்றுவது என்று முடிவு செய்தோம்: இரவு 9 முதல் காலை 7 வரை, ஏழு நாளும். பகலில் குடும்பமே பார்க்கும்.

அப்பா தயங்கினார். பகலில் அம்மா தனியாக இருக்கும்போது ஏதாவது ஆனால்? நியாயமான கேள்வி. பகலில் குழந்தை வென்டிலேட்டரில் இல்லை, விழித்திருக்கிறாள், எல்லோர் கண் முன்னாலும் இருக்கிறாள், பாட்டியும் வீட்டில் இருக்கிறார், ஆறு மணி நேரம் தூங்கிய அம்மா இருக்கிறார் என்று மருத்துவர் சொன்னார். அதே அவசரம் இரவு 3 மணிக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள்.

ஏஜென்சிக்குத்தான் சிரமம். இரவு டியூட்டிக்கு ஆள் கிடைப்பது கடினம், இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை குழந்தையை வார்டில் வைத்திருப்பதா? கிருமித் தொற்று ஆபத்து உண்டு, படுக்கை நெருக்கடியும் உண்டு. இரண்டையும் எழுத்தில் குறித்துக்கொண்டு, இரவுக்கு ஆள் இல்லாமல் அனுப்புவதில்லை என்று மருத்துவர் கையெழுத்திட்டார். 17 நாள் கூடுதலாக இருந்தாள். அந்த 17 நாளைப் பற்றி நிர்வாகத்தில் கேள்வி வந்தது. கார்க் போல அடைத்திருந்த அந்தக் குழாயின் புகைப்படத்தைப் பதிலோடு இணைத்து அனுப்பினேன்.

யாரைத் தேர்ந்தெடுத்தோம்

ஏழு இரவுக்கு ஒருவரோ இருவரோ போதாது. விடுப்பு, காய்ச்சல், வீட்டில் விசேஷம் எல்லாம் அவர்களுக்கும் உண்டு. மூன்று பேர் வேண்டும் என்று கேட்டோம்: இருவருக்கு மும்மூன்று இரவு, மூன்றாமவருக்கு ஓர் இரவும் மற்றவர்கள் வராதபோது மாற்றும். அந்த ஓர் இரவு முக்கியம். அவசரத்துக்கு மட்டும் கூப்பிடும் ஆளுக்குக் குழந்தையின் பழக்கம் தெரியாது. வாரம் ஒரு முறையாவது வந்தால்தான் கை மறக்காமல் இருக்கும்.

சான்றிதழைப் பார்த்துவிட்டு, ஒரு பொம்மையை மேசையில் வைத்தோம். கழுத்தில் குழாய் பொருத்திய பயிற்சிப் பொம்மை. குழாயை உருவிப் போட்டுவிட்டு, “இப்போது என்ன செய்வீர்கள்? சொல்ல வேண்டாம், செய்யுங்கள்” என்றோம். பெரியவர்களுக்கான ஐ.சி.யு.வில் எட்டு வருட அனுபவம் உள்ள ஒருவர், முதலில் மருத்துவரைக் கூப்பிடுவேன் என்று ஃபோனைத் தேடினார். அடுத்து முகமூடியை வாயில் வைத்து ஆம்பு பையை அழுத்தினார். மேல்பாதை தழும்பால் சுருங்கிய இந்தக் குழந்தைக்கு வாய் வழியாகக் காற்று போதுமான அளவு போகாது. கழுத்துத் துளையில்தான் வைக்க வேண்டும். அவர் திறமைசாலிதான், ஆனால் அவர் கைக்குப் பழகிய நோயாளி வேறு.

இன்னொருவருக்கு இரண்டே வருட அனுபவம், பச்சிளம் குழந்தைகள் பிரிவில். கை நடுங்கியது. நடுங்கிக்கொண்டே தோளுக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்தார், மாற்றுக் குழாயைச் செருகினார், நுழையாதபோது (நாங்கள் வேண்டுமென்றே துளையைச் சுருக்கி வைத்திருந்தோம்) 3.5-ஐ எடுத்தார். அதற்கு அப்புறம்தான் உதவிக்குக் கூப்பிட்டார். அவரைத் தேர்ந்தெடுத்தோம். நடுக்கம் பழகப் பழகப் போய்விடும் என்பது என் கணிப்பு, அது சரியாகவே இருந்தது.

தேர்ந்தவர்கள் மூவரும் தனியாக டியூட்டி எடுக்கும் முன் நான்கு முறை அம்மாவோடு சேர்ந்து இருந்தார்கள். வார்டில் இரண்டு பகல், இரண்டு இரவு. கற்றுக்கொடுத்தவர் அம்மா. ஒரு நர்ஸுக்கு இது பிடிக்கவில்லை, “அவங்க எனக்குச் சொல்லித் தரணுமா?” என்று என்னிடம் கேட்டார். குழாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும், இந்தக் குழந்தையைப் பற்றி அவருக்குத்தான் தெரியும் என்றேன். இரண்டாவது இரவு முடிந்து வந்தபோது அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அம்மாவிடம் கேட்டு எழுதிய குறிப்புகளைக் காட்டினார்.

அடைப்பு நேர்ந்தால் செய்ய வேண்டியதையும் மாற்றி எழுதினோம். கதீட்டர் ஒரு முறை உள்ளே போகாவிட்டால் மறுபடி முயலக் கூடாது. உடனே குழாயை மாற்ற வேண்டும். அம்மா மூன்று முறை முயன்றதில் போன நேரம் எங்கள் பயிற்சியில் இருந்த ஓட்டையால் போனது. சாதாரண நாளுக்கு: 8 ஃபிரெஞ்ச் அளவுள்ள கதீட்டர், அழுத்தம் 80 முதல் 120 மி.மீ. பாதரச அளவு, குழாயின் நுனி வரை மட்டும், பத்து நொடிக்குள். எவ்வளவு ஆழம் என்பதை அளந்து ஒரு கதீட்டரில் கோடு போட்டுச் சுவரில் ஒட்டி வைத்தோம்.

அம்மா எழுதிய பக்கம்

குழந்தையின் இயல்பு நிலையை ஒரே பக்கத்தில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். முதலில் நான் எழுதினேன்: மூச்சு நிமிடத்துக்கு 32 முதல் 38, தூக்கத்தில் ஆக்சிஜன் 94 அல்லது 95, 90-க்குக் கீழே போனால் அலாரம். சரியான எண்கள்தான். அம்மா வாசித்துவிட்டு, “இதில் என் பொண்ணு இல்லையே சிஸ்டர்” என்றார். அப்போ நீங்களே எழுதுங்கள் என்று தாளைக் கொடுத்தேன்.

அவர் எழுதியதில் சில வரிகளை அப்படியே தருகிறேன். “அழும்போது கீழுதடு பிதுங்கும், வலது காலால் மெத்தையை உதைப்பாள். இடது கால் அசையாது, அது வலிப்பு இல்லை. நெற்றி மட்டும் வியர்த்தால் சளி அடைக்கப் போகிறது, எண் குறைவதற்கு முன்னாலேயே வியர்க்கும். வலிப்பு வரும்போது கை வெட்டாது, கண் இடது பக்கம் போய் நிற்கும், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். தூக்கத்தில் உதட்டைச் சப்புவாள், அது வலிப்பு இல்லை, பயப்பட வேண்டாம். வயிறு உப்பினால் மூச்சு வேகமாகும், வயிற்றுக் குழாயைத் திறந்து காற்றை விட்டால் சரியாகிவிடும்.”

நெற்றி வியர்வை வரியை நான் எந்த மருத்துவக் குறிப்பிலும் பார்த்ததில்லை. 14 மாதம் குழந்தையோடு இருந்த எங்கள் வார்டிலும் யாரும் சொல்லவில்லை. பின்னர் இரவு நர்ஸுகள் எழுதிய பதிவுகளில் “நெற்றி வியர்த்தது, சக்‌ஷன் செய்தேன், கெட்டிச் சளி வந்தது” என்று எட்டு இடங்களில் பார்த்தேன். எட்டிலும் ஆக்ஸிமீட்டர் அலாரம் அடிக்கவில்லை.

என் எண்கள் அந்தப் பக்கத்தின் அடியில் போயின. அவை வேண்டும்தான், ஆனால் மேலே இருக்க வேண்டியவை அம்மாவின் வரிகள்.

பொறுப்பை ஒப்படைக்கும்போது பார்க்க வேண்டியவற்றையும் அதன் பின்பக்கத்தில் எழுதினோம். வருபவரும் போகிறவரும் சேர்ந்து நின்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்: தண்ணீர்ப் பை, இரண்டு மாற்றுக் குழாய், ஆம்பு பை, சக்‌ஷன் பேட்டரி, அலாரத்தின் ஒலியளவு. வாய்ப்பேச்சாக “எல்லாம் இருக்கு” என்று சொல்வது கணக்கில் வராது.

வீட்டுக்குள் ஒரு வெளியாள்

சிக்கல்கள் வந்தன. பாட்டி இரவில் மூன்று நான்கு முறை கதவைத் திறந்து பார்ப்பார். நர்ஸ் ஒருவருக்கு, தன்னை நம்பவில்லை என்று வருத்தம். பாட்டிக்கோ, பேத்தி பக்கத்தில் அறிமுகமில்லாத ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே என்ற பதைப்பு. ஒரு மாதத்தில் அந்த நர்ஸ் நின்றுவிட்டார். இருவரையும் ஆரம்பத்திலேயே உட்கார வைத்துப் பேசியிருந்தால் தவிர்த்திருக்கலாம். அடுத்து வந்தவர் முதல் நாளே பாட்டியிடம், “அம்மா, நீங்க எப்போ வேணும்னாலும் வாங்க, ஆனா என் பக்கத்துல ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போங்க” என்றார். பாட்டி ஒரு வாரம் உட்கார்ந்தார். அப்புறம் இரவில் வருவது தானாகக் குறைந்தது.

இன்னொன்று இதைவிடத் தீவிரமானது. இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் அதிகாலை அம்மா எழுந்து பார்த்தபோது நர்ஸ் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். கேட்டதில், அன்று பகல் முழுக்க வேறொரு வீட்டில் டியூட்டி பார்த்துவிட்டு நேராக வந்திருக்கிறார். அவரும் தூக்கமில்லாமல் ஓடும் ஒருத்திதான். அவரை நிறுத்தவில்லை. இரவு டியூட்டிக்கு முன் பத்து மணி நேரம் ஓய்வு இருக்க வேண்டும், பகலில் வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது என்று ஏஜென்சியோடு எழுத்தில் வைத்தோம். கேமரா வைக்கலாமா என்ற பேச்சும் வந்தது. குழந்தையின் கட்டில் மட்டும் தெரியும்படி, நர்ஸுகளுக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் சம்மதத்தோடு வைத்தார்கள். மறைத்து வைத்திருந்தால் ஒருவர்கூட நின்றிருக்க மாட்டார்கள்.

நர்ஸ் வராத இரவுக்கு என்ன என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்தோம். மாற்று நர்ஸும் கிடைக்காவிட்டால் வீடே இரண்டு ஷிஃப்ட்: அம்மா இரவு 8 மணிக்கே படுக்கப் போக வேண்டும், 1 மணி வரை அப்பா விழித்திருப்பார், பிறகு அம்மா. அப்பாவும் வேலையில் இருந்தால் வார்டுக்கு ஃபோன் செய்துவிட்டு வந்துவிடலாம் என்று மருத்துவர் சம்மதித்தார். இந்தக் கடைசி வரியைத்தான் அம்மா பலமுறை படித்ததாகச் சொன்னார்.

பின் வந்த மாதங்கள்

ஒன்பது மாதப் பதிவுகள் என்னிடம் உள்ளன. நர்ஸ் இல்லாமல் போன இரவுகள் 11. வார்டுக்கு வந்தது இரண்டு முறை, இரண்டும் நுரையீரல் தொற்றுக்காக. குழாய் அடைப்பு இரவில் இரண்டு முறை வந்தது; இரண்டிலும் நர்ஸ் ஒரு நிமிடத்துக்குள் மாற்றினார். இரண்டாவதை மாற்றியது கை நடுங்கிய அந்த நர்ஸ்.

நான்காவது மாதத்தில் மருந்தில் ஒரு தவறு நூலிழையில் தப்பியது. வலிப்புக்கான ஃபெனிடோயின் சிரப் 5 மி.லி.யில் 30 மி.கி. என்றும் 125 மி.கி. என்றும் இரண்டு செறிவில் வருகிறது. குழந்தைக்கு ஒரு வேளைக்கு 24 மி.கி., பழைய பாட்டிலில் அது 4 மி.லி. புதிதாக வாங்கிய பாட்டில் 125. அதில் 4 மி.லி. கொடுத்தால் 100 மி.கி. போயிருக்கும், நான்கு மடங்குக்கு மேல். வீட்டில் எல்லோர் வாயிலும் “நாலு மில்லி” என்றுதான் பழக்கம். அட்டவணையில் மி.கி., செறிவு, மி.லி. மூன்றையும் எழுத வைத்திருந்ததால் நர்ஸ் பாட்டிலோடு ஒப்பிட்டுப் பார்த்து நிறுத்தினார்; இரவு 10 மணிக்கு எனக்கு ஃபோன் வந்தது.

ஆறாவது மாதத்தில் ஒரு பகலில், விளையாடும்போது குழந்தையே குழாயைப் பிடித்து இழுத்துவிட்டாள். அம்மா மாற்றுக் குழாயைப் பிரிக்கும் நேரத்தில் பாட்டி ஆம்பு பையைக் கழுத்துத் துளையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். யாரும் அவருக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. இரவுகளில் நர்ஸின் பக்கத்தில் உட்கார்ந்தபோது கேட்டுக் கற்றிருக்கிறார். அடுத்த வாரம் அவருக்கு முறையாகப் பயிற்சி கொடுத்தோம்.

அம்மாவின் தூக்கத்தையும் இந்த முறை குறித்தோம். மூன்றாவது வாரத்திலிருந்து தொடர்ந்து ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையவில்லை, நர்ஸ் வராத இரவுகளைத் தவிர. எட்டாவது மாதத்தில் வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலைக்குப் போகத் தொடங்கினார். ஒன்பதாவது மாதத்தில் தூக்க ஆய்வுக்குப் பிறகு வென்டிலேட்டரை நிறுத்தினார்கள். குழாய் இன்னும் இருக்கிறது. விலா எலும்புக் குருத்தெலும்பை வைத்து மூச்சுப்பாதையை அகலப்படுத்தும் அறுவை சிகிச்சைக்காகக் காத்திருக்கிறாள். நர்ஸ் இப்போது வாரம் நான்கு இரவு.

இப்போது செய்தால் மாற்றுவது

வீட்டுக்கு அனுப்பும் கூட்டத்தில் முதல் கேள்வி, “இரவு 3 மணிக்கு விழித்திருப்பவர் யார்?” என்பதாக இருக்கும். பெயர் சொல்ல முடியாவிட்டால் தேதி குறிக்க மாட்டேன். மருத்துவமனையில் 24 மணி நேரம் பெற்றோர் தனியாகப் பார்த்துக் காட்டும் ஒத்திகையும் போதாது என்று நினைக்கிறேன். ஒரு நாள் யாரும் தாக்குப்பிடிப்பார்கள். பத்தாவது நாள் எப்படி இருக்கும் என்பது அதில் தெரியாது.

முதல் வாரத்திலேயே ஓர் இரவு வீட்டுக்குப் போவேன். பகலில் போன இரண்டு முறையும் நான் பார்த்தது நர்ஸின் வேலையைத்தான்.

பொய் அலாரத்தைத் தனிப் பிரச்சினையாக எடுத்துக்கொள்வேன். கால்விரல் பட்டை நழுவுவது சின்ன விஷயம் போலத் தெரிந்தது. ஒட்டும் வகைப் பட்டையை மாற்றிக் கொடுத்தபோது இரவு அலாரங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. அதை முதல் நாளே கொடுத்திருக்கலாம்.

அண்ணனிடம் யாரும் பேசவில்லை. 19-ஆவது இரவுக்குப் பிறகு அவன் பல மாதம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படுத்தான், அலாரம் கேட்க வேண்டுமென்று. ஐந்தாவது மாதத்தில் பள்ளியில் தூங்கி விழுகிறான் என்று ஆசிரியர் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இரவு நர்ஸ் அவனை அறைக்குள் அழைத்து, ஒவ்வொரு கருவியும் என்ன சத்தம் போடும், அது கேட்டதும் தான் என்ன செய்வேன் என்று ஒரு மாலை முழுக்கக் காட்டினார். கதவு மூடிப் படுக்க இன்னும் மூன்று வாரம் ஆனது. இப்போது நான் எழுதும் ஒவ்வொரு திட்டத்திலும், வீட்டில் இருக்கும் மற்ற குழந்தைகளுக்கு யார், எந்த நாளில் இதையெல்லாம் விளக்குவார்கள் என்று ஒரு வரி இருக்கிறது.